வெள்ளைக்குறி போட்ட கொப்பு

தோட்டவேலை படிக்கிற உங்களோடை கதைக்க வாங்கோ எண்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்து கதிரையிலை இருத்தின உடனையே உங்களிலை ஒரு தம்பி கேட்டிட்டார்: “ஐயா, எந்தக் கொப்பை வெட்டுறது, எந்தக் கொப்பை விடுறது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” கெட்டிக்காரன். முப்பது வருசத்துக்கு மேலை வீட்டு வளவுகளிலை பூமரம் வைச்சு, பூமரம் வெட்டிச் சீவிச்ச எனக்கு அதுக்கு இன்னும் முழு மறுமொழி தெரியாது.

மரவாளை எப்பிடிப் பிடிக்கிறது, எவ்வளவு சாய்வா அரியிறது எண்டதெல்லாம் உங்களுக்குப் படிப்பிச்சிருப்பினம். அதைத் திருப்பிச் சொல்லி உங்களை நித்திரையாக்க நான் வரேல்லை. ஒரு கொப்பைப் பற்றி மட்டும் சொல்லுறன். வெட்டத்தான் வேணும் எண்டு நான் முடிவெடுத்து, வெள்ளைப் பெயின்றாலை குறியும் போட்டு, வெட்டாமல் விட்ட கொப்பு. அதை நினைச்சால் இண்டைக்கும் மயிர் கூச்செறியுது. பகிடி எண்டு நினையாதேங்கோ, கிட்ட வந்து கையைப் பாருங்கோ.

அறுபதுகளிலை எனக்கு கிளிநொச்சியிலை நாற்றுத்தோட்டத்திலை வேலை. குடியேற்றக் காணிகளுக்குப் பூமரக் கன்று குடுக்கிறதும், வளவிலை அதை எங்கை வைக்கிறது எண்டு இடம் பாக்கிறதும், வளந்த மரங்களின்ரை கொப்பை வெட்டி வடிவாக்கிறதும்தான் எங்கடை தொழில். யாழ்ப்பாணப் பக்கத்திலையிருந்து ஆனையிறவு தாண்டி வந்து, காடு வெட்டி, வயல் திருத்தி, மண்வீடு கட்டின சனம். “சோத்துக்கு வழியைக் காணேல்லை, உங்களுக்குப் பூமரமோ?” எண்டு முகத்துக்கு நேரை கேப்பினம். ஒரு போகம் விளைஞ்சாப் போலை வீட்டுக்காரி மெல்ல வந்து, “தம்பி, படலையடியிலை வைக்க ஒரு மந்தாரைக் கன்று தாங்கோவன்” எண்டு கேப்பா. எனக்கு அது போதும். அண்டைக்கு முழுக்கப் பசிக்காது.

அப்ப எனக்கு இருபத்தெட்டு வயது. கை சுத்தமான கை, கோவம் மட்டும் மூக்கு நுனியிலை. எங்கடை வேலையை மேற்பாக்கிற ஓவசியர் அதுக்கு நேர்மாறு. அவற்ரை பேரைச் சொல்ல மாட்டன், அவருக்குத் தன்னைப் பற்றிக் கதைக்கிறது பிடிக்காது. ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதுவே அதிகம். அந்தப் பத்திலை ஒண்டு உங்களுக்கு எண்டால் இரா முழுக்க நித்திரை வராது.

அக்கராயனிலை குணரத்தினம் எண்டொரு மனிசன். குணம் எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. மனிசியின்ரை பேர் பரிமளம். குணம் காடு வெட்டேக்கை தன்ரை காணியிலை எல்லா மரத்தையும் தறிச்சவர், ஒரு கொன்றையை மட்டும் விட்டவர். ஏன் எண்டு கேட்டன். “அண்ணை, அண்டைக்கு அது மஞ்சளாப் பூத்துக்கொண்டு நிண்டது. கோடாலியை ஓங்கினன், கை இறங்க மாட்டன் எண்டுட்டுது” எண்டார். நிழலுக்கு ஆசைப்பட்டு வீட்டையும் அதுக்குக் கிட்டவே கட்டிப்போட்டார். மரத்துக்கு அவ்வளவு கிட்ட வீடு கட்டினது பிழை. அந்தப் பிழை என்ரையில்லை. இனிச் சொல்லுறதெல்லாம் என்ரை.

ஆனி மாதம். பூ முடிஞ்சு கொன்றை காய் விடத் துவங்கின நேரம். கூரையிலை கொப்பு உரசுது, வந்து பாருங்கோ எண்டு குணம் சொல்லியனுப்பினவர். சைக்கிளிலை போனன். மரத்தைச் சுத்திப் பாத்தன். ஒண்டரை ஆள் உயரத்திலை தடிச்ச கொப்பொண்டு கிளம்பி, நேரை கூரைக்கு மேலாலை நீட்டிக்கொண்டு நிண்டது. இதுதான் முதல் போக வேணும் எண்டு முடிவெடுத்தன். மைல்கல்லுக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ற் ஒரு பேணியிலை எங்களிட்டை எப்பவும் இருக்கும். ஏணி வைச்சு ஏறி, கொப்பின்ரை அடியிலை உள்ளங்கை அளவுக்கு ஒரு குறி போட்டன்.

போட்டிட்டு அதை வெட்டினனோ எண்டால், இல்லை. அது கயிறு கட்டி இறக்க வேண்டிய கொப்பு, வேலை அதிகம். மற்றப் பக்கம் றோட்டுப் பக்கம். அங்கை உள்ளது லேசான கொப்புகள். அதை முதல் வெட்டினால் றோட்டாலை போற வாற சனம் பாத்து, “ஆரப்பா வெட்டினது, நல்ல வடிவு” எண்டு கேக்கும். எனக்கு அந்தப் பெருமையிலை ஒரு புளுகம். றோட்டுப் பக்கத்தை வழிச்சுத் துடைச்சு வெட்டிப்போட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டு வீட்டுப் பக்கம் ஏறுவம் எண்டு இறங்கினன். மரத்தின்ரை பாரம் முழுக்க இப்ப வீட்டுப் பக்கம் நிக்குது.

வயலுக்குப் போயிருந்த பரிமளம் அப்பதான் படலையைத் திறந்துகொண்டு வந்தவா. நிலத்திலை கிடந்த கொப்புகளைக் கண்டதும் அவவின்ரை முகம் வெளிறிப் போச்சு.

“ஐயோ! ஆர் மரத்திலை கத்தி வைக்கச் சொன்னது?”

“நான்தான் அண்ணையைக் கூப்பிட்டனான்” எண்டார் குணம்.

“இனி ஒரு கொப்பும் வெட்டக் கூடாது.”

எனக்குக் கோவம் ஏறீட்டுது. “தங்கச்சி, அரைவாசியிலை விட ஏலாது. இதென்ன விளையாட்டு வேலையே?” எண்டு கத்தினன். புருசனைப் பாத்து, “ஒருக்கா உள்ளை வாங்கோ” எண்டு மட்டும் சொன்னவா.

உள்ளை போன குணம் வெளியிலை வந்ததை நீங்கள் பாத்திருக்க வேணும். சிரிக்கிறார், கண் கலங்கியிருக்கு, தோள் துவாயாலை முகத்தைத் துடைக்கிறார், பேந்தும் சிரிக்கிறார். “அண்ணை, குறை நினையாதேங்கோ. சாமானைக் கட்டி வையுங்கோ. வீட்டிலை... விசேசம்.”

பிள்ளைத்தாச்சி இருக்கிற வளவிலை மரத்திலை கத்தி வைக்கிறேல்லை. எங்கடை சனம் அப்பவும் பாத்தது, இப்பவும் பாக்கிறது. பூவும் காயுமா நிக்கிற மரமெண்டால் கேக்கவே தேவையில்லை. அதுக்கு முந்தி ரெண்டு பிள்ளை அவைக்குத் தங்கேல்லை. இது மூண்டாவது. மூண்டு மாதம் தாண்டட்டும் எண்டு புருசனுக்கும் சொல்லாமல் மனதுக்குள்ளை வைச்சிருந்திருக்கிறா. நான் வெட்டிப் போட்ட கொப்பைக் கண்டுதான் பயத்திலை வாயைத் திறந்தவா. “பிள்ளை பிறந்து துடக்கு, தீட்டெல்லாம் கழியட்டும் அண்ணை, பிறகு நீங்கள் விரும்பின மாதிரி வெட்டுங்கோ” எண்டு குணம் கையெடுத்துக் கும்பிட்டார். நான் முறுமுறுத்துக்கொண்டு வந்திட்டன்.

ஐப்பசியிலை, மாரி துவங்க முந்தி, மனம் கேக்காமல் திரும்பப் போனன். தூரத்திலையே தெரிஞ்சுது. மரம் வீட்டுப் பக்கம் சரிஞ்சு நிண்டது. நான் வெட்டின பக்கம் மொட்டையா வெளிச்சிருந்தது.

“தங்கச்சி, காத்தடிச்சால் இது வீட்டுக்கு மேலைதான் வரும். ஒரே ஒரு கொப்பு. குறி போட்ட அந்தக் கொப்பை மட்டும் விடுங்கோ வெட்ட.”

அவவுக்கு ஏழாம் மாதம். வயித்திலை கையை வைச்சுக்கொண்டு நிண்டவா. “ரெண்டைக் குடுத்திட்டன் அண்ணை. இதையும் குடுக்க என்னாலை ஏலாது. கேக்காதேங்கோ.”

“அப்ப உங்கடை மரம், உங்கடை வீடு. என்னவும் செய்யுங்கோ!” எண்டு சொல்லிப்போட்டு நான் சைக்கிளிலை ஏறீட்டன்.

நாற்றுத்தோட்டக் கந்தோருக்கு வந்து ஓவசியரிட்டை நடந்ததைச் சொன்னன். அவர் கணக்குக் கொப்பியிலையிருந்து தலையை நிமித்தாமல் கேட்டார்: “றோட்டுப் பக்கம் ஒரு பனை நிக்குதெல்லே. கொன்றையைக் கயிறு போட்டு அதோடை இழுத்துக் கட்டினனியோ?”

“இல்லை ஐயா. அவை வெட்ட விடேல்லை.”

“வெட்டினனியோ எண்டு நான் கேக்கேல்லை.”

அவ்வளவுதான். எனக்குச் செவிட்டைப் பொத்தி அடிச்ச மாதிரி இருந்தது. கயிறு கட்டக் கத்தி தேவையில்லை, ஒரு வழக்கத்துக்கும் அது பிழையில்லை. என்ரை கோவத்துக்குள்ளை அந்த யோசனையே வரேல்லை. நாளைக்குப் போவம் எண்டு நினைச்சன். அடுத்த நாள் மழை துவங்கினது. பிறகு பாலத்துக்கு மேலாலை வெள்ளம் ஓடினது. பிறகு வேறை வேலை வந்தது. உண்மையைச் சொன்னால், பரிமளத்தின்ரை முகத்திலை முழிக்க எனக்கு வெக்கமாயிருந்தது. தம்பிமார், நீங்கள் என்ன பிழையையும் செய்யுங்கோ, வெக்கத்திலை வேலையைப் பிற்போடுற இந்தப் பிழையை மட்டும் செய்யாதேங்கோ.

மார்கழியிலை புயல் வந்தது.

இரா முழுக்க அடிச்சது. விடிஞ்சு காத்துத் தணிஞ்ச உடனை நான் சைக்கிளை எடுத்தன். நாற்றுத்தோட்டம் முழுக்கச் சிதைஞ்சு கிடந்தது, திரும்பியும் பாக்கேல்லை. மனதிலை ஒரே ஒரு மரம். றோட்டிலை பாலை மரமும் வீரை மரமும் வேரோடை கிடந்தது. கொஞ்சத் தூரம் சைக்கிளைத் தோளிலை காவினன், பேந்து ஒரு வேலியிலை சாத்திப்போட்டு இடுப்பளவு தண்ணிக்குள்ளாலை நடந்தன். பிள்ளையாரே, பிள்ளையாரே எண்டு வாய் தன்பாட்டிலை சொல்லிக்கொண்டு வந்தது.

வீடு நிண்ட இடத்திலை கொன்றை கிடந்தது.

இரா முழுக்க ஊர் ஆம்பிளையள் எல்லாரும் குளக்கட்டிலை. குளம் உடைஞ்சால் ஊரே போயிடும் எண்டு மண்மூட்டை அடுக்கினவை. குணமும் அங்கைதான். துணைக்கு வாறன் எண்ட பக்கத்து வளவு மனிசி காத்துக்குள்ளை வர ஏலாமல் நிண்டிட்டா. ஒன்பதாம் மாதத்துப் பரிமளம் தனிய. இப்ப அந்த மரத்துக்குக் கீழை, இடிஞ்ச மண்சுவருக்கும் கூரைக் கிடுகுக்கும் நடுவிலை, அவவின்ரை குரல் கேக்குது. வளவுக்குள்ளை வெள்ளம் கணுக்காலுக்கு வந்து, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

நாலைஞ்சு பேர் கோடாலியோடை நிண்டினம். ஒராள் கிடுகை விலத்திப்போட்டு, உள்ளுக்கு இறங்கி நிண்ட ஒரு கொப்பை வெட்டத் துவங்கீட்டார். மூண்டு கொத்து விழுந்திட்டுது. நாலாவதுக்கு ஓங்கிறார். அந்த மூண்டாவது கொத்துக்கு முழு மரமும் ஒருக்கா அனுங்கினது எனக்குக் கேட்டது.

“நிப்பாட்டு! கோடாலியைப் போடு கீழை!” எண்டு குழறிக்கொண்டு பாஞ்சன்.

குணம் என்ரை சேட்டுக் கழுத்தைக் கொத்தாப் பிடிச்சார். “விடுங்கோ அண்ணை வெட்ட! அவள் உள்ளை கிடக்கிறாள், தண்ணி ஏறுது!”

“குணம், வடிவாப் பார். மரம் கூரையிலை கிடக்கேல்லை. சுவரிலையும் கிடக்கேல்லை. எல்லாம் விழுந்திட்டுது. மரம் இந்தக் கொப்பிலை நிக்குது. இதை வெட்டினியள் எண்டால் அடிமரம் அப்பிடியே அவவுக்கு மேலை இறங்கும்.”

ஓங்கின கோடாலி மெல்லக் கீழை வந்தது. நீங்கள் மனதிலை ஒருக்கா அந்த மரத்தைச் சரிச்சுப் பாருங்கோ. நிமிந்து நிக்கேக்கை கூரைக்கு மேலாலை நீட்டின கொப்பு, மரம் சரியேக்கை என்ன செய்யும்? நேரை நிலத்தைப் பாக்கும். நுனியெல்லாம் நொருங்கி, அடித்துண்டு மட்டும் கூரையைக் கிழிச்சுக்கொண்டு இறங்கி, மண்நிலத்திலை ஊண்டி, நட்டு வைச்ச தூண் மாதிரி அந்தப் பெரிய மரத்தைத் தாங்கிக்கொண்டு நிண்டது. முருக்க மரமெண்டால் முறிஞ்சிருக்கும். கொன்றையின்ரை வைரம் தாங்கினது.

அந்தத் தூணிலை, மழை கழுவி விட்ட இடத்திலை, உள்ளங்கை அளவுக்கு வெள்ளைக்குறி. என்ரை குறி.

முதல் வெட்ட வேணும் எண்டு நான் தெரிஞ்செடுத்த கொப்பு. ரெண்டு தரம் கேட்டு, ரெண்டு தரமும் பரிமளம் தர மாட்டன் எண்ட கொப்பு. அப்பதான் உள்ளையிருந்து குரல் வந்தது.

“ஆரது, பூமரக்கார அண்ணையோ?”

“ஓம் தங்கச்சி.”

“மரத்திலை கத்தி வைக்காதேங்கோ.”

அந்த நிலையிலையும் அதைத்தான் சொல்லுறா! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டாத்தான் வந்தது. “இல்லைத் தங்கச்சி. சத்தியமா இனி ஒருதரும் வைக்க மாட்டினம். அசையாமல் இருங்கோ.”

கோடாலியள் எல்லாத்தையும் வேலிக்கு அங்காலை எறியச் சொன்னன். பின்பக்கச் சுவரின்ரை அடிப்பாகம் இன்னும் நிண்டது. அதை இரும்பு அலவாங்காலை இடிக்க வேண்டாம், மரம் அதிரும் எண்டு சொல்லி, ஊறின மண்ணைக் கையாலை தோண்டினம். குணத்தின்ரை நகமெல்லாம் கிழிஞ்சு ரத்தம். மரம் ஒவ்வொருக்கா அனுங்கேக்கையும் எல்லாற்ரை கையும் நிக்கும், பேந்து தோண்டும். ஒரு ஆள் நுழையிற அளவுக்கு ஓட்டை விழ, முதல் அவவின்ரை ஒரு கை வந்தது. மற்றக் கை வயித்தைப் பொத்திப் பிடிச்சபடி. சாக்கிலை படுக்க வைச்சு மெல்ல இழுத்தெடுத்தம். பிறகு நான் குனிஞ்சு உள்ளை பாத்தன். அவா இருந்த இடம் ஒரு பாய் அகலம். சுத்திவர எல்லாம் சப்பளிஞ்சு கிடந்தது.

ஊர்ச்சனம் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்திலை, நாலாம் நாள் பிள்ளை பிறந்தது. பொம்பிளைப்பிள்ளை. அழுத அழுகை ஊருக்கே கேட்டதாம்.

வெள்ளம் வத்தின பிறகு ஓவசியர் என்னோடை அந்த வளவுக்கு வந்தார். மரத்தைச் சுத்தி நடந்தார். றோட்டுப் பக்கம் நான் வெட்டின வெட்டுகளிலை விரலை வைச்சார்.

“இது ஆற்ரை வெட்டு?”

“என்ரை, ஐயா.”

“அப்ப மரத்தை விழுத்தினது நீ.”

“ஓம் ஐயா.”

பிறகு குனிஞ்சு கொப்பைப் பாத்தார். “இந்தக் குறி?”

“அதுவும் நான்தான். வெட்டுறதுக்கு.”

அவர் நிமிந்தார். தலையிலை இருந்த தொப்பியைக் கழட்டிக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டார். கோயிலுக்குள்ளை தவிர வேறை எங்கையும் அந்த மனிசன் தொப்பி கழட்டி நான் கண்டதில்லை.

இதைக் கேட்டிட்டு, கூரைக்கு மேலை நீட்டுற கொப்பை விடுறதுதான் நல்லது எண்டு ஆரும் போய்ச் சொன்னியளோ, வந்து காதைத் திருகுவன். வெட்ட வேண்டிய கொப்புத்தான் அது. நாளைக்கு அப்பிடி ஒண்டைக் கண்டால் நானே வெட்டச் சொல்லுவன். வீட்டுப் பக்கப் பாரத்தை முதல் குறையுங்கோ, வெட்ட விடாட்டில் கயிறைக் கட்டுங்கோ, கோவத்திலை சைக்கிள் ஏறாதேங்கோ. ஆனால் எங்கடை கணக்குக்கு அங்காலையும் ஒரு கணக்கு இருக்கு. அதை ஆர் போடுறது எண்டு எனக்குத் தெரியாது. தெரியாது எண்டு சொல்ல எனக்கு இப்ப வெக்கமில்லை.

துடக்குக் கழிஞ்ச பிறகு மரத்தைத் துண்டு போட வாளோடை போனன். பரிமளமே வந்து சொன்னவா: “இப்ப வெட்டலாம் அண்ணை. நான் தடை சொல்லேல்லை.” வாளை வைக்க முந்தி வேரைப் பாத்தன். அரைவாசி வேர் வெளியிலை, அரைவாசி இன்னும் மண்ணுக்குள்ளை. கொப்பொண்டை நகத்தாலை கீறினன், பச்சை. “சித்திரை மட்டும் பொறுங்கோ” எண்டு இந்த முறை நான் கேட்டன். அவா என்னைப் பாத்துச் சிரிச்சவா. மரத்துக்கு இடம் பாக்கிற என்னையே புது வீட்டுக்கும் இடம் பாக்கச் சொன்னார் குணம். கொன்றையிலையிருந்து முப்பது அடி தள்ளிக் காட்டினன். நான் வாழ்க்கையிலை பாத்த இடங்களுக்குள்ளை நல்ல இடம் அதுதான்.

சித்திரையிலை போனன். படலையடியிலேயே சைக்கிளாலை இறங்கி நிண்டிட்டன். கிடந்த மரம் பூத்திருந்தது. தலைமாட்டிலையிருந்து கால்மாடு வரைக்கும் மஞ்சள். நிமிந்து நிண்ட காலத்திலை அண்ணாந்து பாக்க வேண்டிய பூச்சரம் எல்லாம் இடுப்பளவிலை தொங்கி, நிலத்தைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. தேனீக்கள் இரைஞ்ச இரைச்சல். கும்பிட வேணும் போலை இருந்தது, கும்பிட்டன். ஆரும் பாத்திருந்தால் பாக்கட்டும்.

பரிமளம் மரத்துக்குக் கீழை இருந்தவா. வெள்ளைக்குறிக் கொப்பு தாங்கி நிண்ட அந்த அடிமரத்திலை, பழைய சீலையாலை ஏணை கட்டியிருந்தது. ஏணைக்குள்ளை பிள்ளை நித்திரை.

“அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்க வேணும்” எண்டா. “அந்தக் குறியை அழிச்சு விடுங்கோவன். தெரியாத ஆரும் கண்டால், வெட்டுறதுக்குப் போட்டது எண்டு வெட்டிப்போடுவினம்.”

ஓம் எண்டு குனிஞ்சன். மூண்டு கோடாலிக் கொத்தும் பட்டை மூடி ஆறத் துவங்கியிருந்தது. அதுக்கு மேலை குறி அப்பிடியே வெள்ளையா இருந்தது. சுரண்டுறதுக்கு இடுப்பிலையிருந்து கத்தியை எடுத்தன். அந்த வளவிலை அப்ப பிள்ளைத்தாச்சி ஒருதருமில்லை, ஒரு தடையுமில்லை. எண்டாலும் எடுத்த கத்தியைத் திரும்ப இடுப்பிலை செருகிப்போட்டன்.

மரத்துக்குக் கீழை இருந்து, பிள்ளை எழும்பிவிடாமல், நகத்தாலை சுரண்டினன். முழுக்கப் போக மத்தியானம் ஆச்சு.